தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் மலையக மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1

புகையிரதம் ஒதுக்குப்புறங்களை உலகோடு இணைத்தது என்பது வரலாற்று நூல்களிற் பலகாலமாகப் பயின்றுவரும் ஒரு கூற்றாகும். பிரித்தானிய ஆட்சியின் நற்பேறுகளைப் பட்டியலிடுவோர் வீதி, தபால், தந்தி ஆகியவற்றோடு புகையிரதத்தையும் சேர்த்தெண்ணுவது வழக்கம். இக்கூற்றில் உண்மையே இல்லை என நாம் வாதிட வரவில்லை. எனினும், இணைக்கப்பட்டது எது, எதனோடு இணைக்கப்பட்டது, யாருடைய தேவைக்காக, யாருடைய உழைப்பினால் என்னும் வினாக்களை எழுப்பாதவரை அது அரை உண்மையாகவே எஞ்சிநிற்கும்.

இவ்வினாக்களுக்கு விடைகாண நாம் தெரிந்துகொண்ட களம் மன்னார்க் கடலோரம். அதனை நோக்குவதற்கு நாம் நிற்குமிடமோ அக்கடலோரத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள திகன. கண்டி நகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில், தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது அவ்வூர். அங்கே தண்டவாளம் இடப்பட்டதில்லை. புகையிரதம் ஏறவேண்டுமாயின் கண்டிக்கோ வத்துகாமத்துக்கோ செல்லவேண்டும். ஆயினும், திகனயையும் அதனைச் சூழவுள்ள மலைச்சாரல்களையும் சார்ந்த தோட்டத் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எழுதப்புகும் ஒருவர் தலைமன்னார் இறங்குதுறையைக் குறிப்பிடாது அதனை எழுதிமுடித்தல் அரிது. பாட்டன் பூட்டன் வந்த வழி அக்கரையைத் தொட்டே வந்தது. 1964 ஆம் ஆண்டின் பின்னர் உற்றார் உறவினர் பிரிந்துசென்ற வழியும் அதுவே. கடலைக் காணாத ஓர் ஊரின் வரலாறு ஒரு கடற்றுறையிற் போய் முடிச்சிடப்பட்டிருப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

முதலில், மன்னார் இயல்பாகவே ஒதுக்குப்புறமான பிரதேசமா என்பதை ஆராய்தல் வேண்டும். மாந்தை எனவும் மாதோட்டம் எனவும் வழங்கப்பெறும் பண்டைத் துறைமுகம் இக்கரையிலேயே இருந்தது. 1980களின் முற்பகுதியில் அங்கு மேற்கொள்ளப்பட்ட அகழ்வாய்வுகள் சீனப் பீங்கான் ஓடுகளையும் மேற்காசிய மட்பாண்டச் சிதைவுகளையும் வெளிக்கொணர்ந்தன. திருக்கேதீச்சரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். மன்னார்த் தீவில் நிற்கும் பெருக்கமரங்கள் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. அரபு வணிகர் வழியாக வந்தவை எனப் பொதுவாகக் கருதப்படுபவை. முத்துக்குளிப்பின் பொருட்டுப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் ஒருவர்பின் ஒருவராக இக்கடலைத் தம் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தனர். பாக்குநீரிணையின் இருகரைகளிலுமிருந்த மீனவரும் தோணிக்காரரும் வணிகரும் அக்கடலை எல்லையாக அன்றித் தெருவாகவே பயன்படுத்தி வந்தனர்.

அத்தகைய ஒரு பிரதேசம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒதுக்குப்புறமாகத் தோன்றியதன் காரணத்தை நாட்டின் பொருளாதார மையம் இடம்மாறியமையிலே தேடவேண்டும். 1830களின் பிற்பகுதியிலிருந்து கண்டிப் பிரதேசத்திற் பரவிய கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டைக் கொழும்போடும், கொழும்பை இலண்டனோடும் பிணைத்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கண்டிச் சிங்கள விவசாயிகளின் வழக்காற்றுரிமைக்குட்பட்ட பெருமளவு நிலத்தை அரசுடைமையாக்கித் தோட்டக்காரருக்கு விற்பனை செய்ய வழிவகுத்தது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதடுப்பணை கொழும்பை நாட்டின் தலைமைத் துறைமுகமாக நிலைநிறுத்தியது. ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் இவ்வச்சிலிருந்து விலகிநின்ற கரைகள் யாவும் படிப்படியாக ஓரங்கட்டப்பட்டன. எனவே, ஒதுக்குப்புறம் என்பது நிலப்படத்தில் இயல்பாய் அமைந்ததொன்றன்று. குறிப்பிட்டதொரு பொருளாதார அமைப்பு ஓர் இடத்துக்கு இட்ட மதிப்பு எனக் கொள்வதே பொருத்தமாகும்.

3

ஆனால் அப்பொருளாதார அமைப்பு மன்னாரை முற்றாக மறந்துவிடவும் இல்லை. கோப்பித் தோட்டங்களுக்கு நிலமும் மூலதனமும் கிடைத்தன; உழைப்புக் கிடைக்கவில்லை. தமக்கென வயலும் சேனையும் கொண்டிருந்த கண்டி விவசாயிகள் தோட்டங்களிற் கூலிகளாகக் கட்டுண்டு வாழ முன்வரவில்லை. எனவே தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் நிலமின்மையாலும் சாதிக்கொடுமையாலும் பெயர்க்கப்பட்ட மக்கள் தோணிகளில் மன்னார்க் கரைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தை அவர்கள் கால்நடையாகவே கடந்தனர். நீரற்ற காடு, மலேரியாக் காய்ச்சல், வாந்திபேதி, வயிற்றோட்டம் என்பன வழிநெடுகக் காத்திருந்தன. அப்பாதையில் மாண்டோர் தொகைபற்றி ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை. பெருந்தொகையினர் மாண்டனர் என்பதில் ஐயமில்லை. தும்பறைத் தோட்டங்களுக்கு வந்தோர் மாத்தளையையோ கண்டியையோ அடைந்தபின் மீண்டும் மலையேறி நடந்தனர்.

இதே காலப்பகுதியில் நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை எங்கே இடப்பட்டது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1858 இல் அதன் வேலையைத் தொடக்கிவைத்தார். 1867 இல் பாதை கண்டியை அடைந்தது. கடுகண்ணாவை ஏற்றத்தில் நாற்பத்தைந்து அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் மலையைக் குடைந்தும் செதுக்கியும் அது அமைக்கப்பட்டது. மாட்டுவண்டியில் வாரக்கணக்காகக் கொழும்பு நோக்கி ஊர்ந்த கோப்பி மூட்டை இப்போது ஒரே நாளிற் கரையை அடைந்தது. 1874 இல் நாவலப்பிட்டி, 1880 இல் மாத்தளை, 1885 இல் நானுஓயா, 1894 இல் பண்டாரவளை எனப் பாதை தோட்டங்களைத் தேடித்தேடிச் சென்றது. மாத்தளைப் பாதையில் அமைந்த வத்துகாம நிலையம் தும்பறை மலைச்சாரலின் விளைபொருளுக்கு வாயிலாயிற்று. திகனப் பகுதியிற் பயிரான கோப்பியும் பின்னர் கொக்கோவும் வண்டியேறிப் புகையிரதத்தை நாடின.

1867 இலிருந்து 1914 வரை, விளைபொருள் மலையிலிருந்து துறைமுகத்துக்குப் புகையிரதத்தில் இறங்கியது. அதனை விளைவித்த மனிதர் துறையிலிருந்து மலையடிவாரம் வருவதற்கென அத்தகையதொரு பாதை மன்னாரிலிருந்து இடப்படவில்லை. நாற்பத்தேழு ஆண்டுகள் நீடித்த இந்த இடைவெளியே காலனித்துவப் போக்குவரத்தின் இயல்பை வேறெந்தச் சான்றையும்விடத் தெளிவாக எடுத்துரைக்கின்றது. கோப்பி பழுதுற்றால் நட்டம் தோட்டக்காரரைச் சாரும். காட்டில் ஒருவர் மாண்டால் அவர் பெயரிலிருந்த முற்பணக் கடன் கங்காணியின் கணக்கு வழியாக எஞ்சிய உறவினர்மேல் ஏற்றப்படக்கூடியதாக இருந்தது.

4

கோப்பியின் அழிவும் தேயிலையின் எழுச்சியும் இந்நிலையை மாற்றின. 1869 இல் தோன்றிய இலைநோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்தியது. கண்டிக்குப் புகையிரதம் வந்த அதே 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையான கைகள் தேவைப்பட்டன. எனவே வந்தோரிற் பலர் பருவம் முடியத் தம் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படவேண்டிய பயிர். ஆண்களை மட்டுமன்றிப் பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளடக்கிய முழுக் குடும்பத்தின் உழைப்பையும் அது வேண்டிநின்றது. நிரந்தரமாகத் தங்கிய தொழிற்படையொன்று இவ்வாறு உருவாயிற்று.

வழி மிகக் கொடியதாக இருந்த காலத்தில் மக்கள் போவதும் வருவதுமாக இருந்தனர். வழி எளிதானபோது அவர்கள் திரும்பிச் செல்லாது லயங்களிலே தங்கினர். போக்குவரத்துக் கருவியே சமூக மாற்றத்தின் முதற்காரணம் எனக் கொள்வோர் இம்முரண்பாட்டை விளக்க இயலாது இடர்ப்படுவர். உற்பத்திமுறை எவ்வகை உழைப்பை வேண்டிநின்றது என்பதை நோக்கினால் முரண்பாடு தானே அவிழும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் அச்சத்தாற் பழைய வடபாதை தொழிலாளருக்கு மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் அவர்களைக் கொண்டுவரும் முறை மேலோங்கியது. 1904 இல் தோட்டக்காரர்கள் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகத்தை நிறுவி ஆட்திரட்டலை ஒழுங்குபடுத்தினர். 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. அதிலிருந்து மதவாச்சியிற் பிரிந்து மன்னாரை நோக்கிச் செல்லும் கிளைப்பாதை 1914 இல் தலைமன்னாரை எட்டியது. அவ்வாண்டு பெப்ரவரி 24 ஆந் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல்கள் ஓடலாயின. சென்னை எழும்பூரிற் பெற்ற ஒரே பயணச்சீட்டுடன் கொழும்புவரை செல்லக்கூடியதாயிற்று. இதுவே 'போட் மெயில்' எனப் புகழ்பெற்ற சேவையாகும்.

அப்பெயரை இன்றும் ஏக்கத்துடன் நினைவுகூர்வோர் உளர். ஆயின் ஒரே கப்பலில் இருவகையான பயணங்கள் நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது. உயர்வகுப்புப் பயணி சிறு மருத்துவ விசாரணையுடன் கரையேறினார். தோட்டத்துக்குச் செல்வோரோ இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமில் நாட்கணக்கிற் தடுத்துவைக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டு, ஆடைகள் நோய்நீக்கம் செய்யப்பட்டு, தோட்டம் தோட்டமாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்பட்டனர். தோட்டத்தின் பதிவெண் பொறிக்கப்பட்ட தகர வில்லையே அவர்களுக்குப் பயணச்சீட்டாயிற்று. அவ்வில்லையைக் காட்டியவரின் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கிற் பதியப்பட்டது. ஆளைப் பண்டம்போல் முகவரியிட்டு அனுப்பும் இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கதே. அதன் பொருள் வேதனைக்குரியது.

ஆயினும், காட்டுவழிச் சாவுகள் முடிவுற்றமை தொழிலாளருக்குக் கிட்டிய மெய்யான நன்மை என்பதை மறுத்தல் நேர்மையாகாது. பொல்கஹவலையில் வண்டிமாறிக் கண்டிக்கோ வத்துகாமத்துக்கோ வந்திறங்கிய தாயொருத்தி தன் குழந்தையை உயிருடன் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த நன்மை உழைப்புக்கான தேவை நிரந்தரமானபோதே வழங்கப்பட்டது என்பதே நாம் இங்கு வலியுறுத்த விழைவது.

5

இனி, இப்பாதை மன்னார்க் கடலோரத்துக்குச் செய்தது யாது? முருங்கன் விவசாயிக்கும் பேசாலை மீனவனுக்கும் உள்நாட்டுச் சந்தை கிட்டியது. கருவாடு மலையேறியது. மடு மாதா திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் 'மடு வீதி' நிலையத்தில் வந்திறங்கினர். தோட்டப்புறக் கத்தோலிக்கரும் அவர்களுள் அடங்குவர். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆனால் பாதை தோற்றுவித்த தொழிற்றுறை என ஒன்றை அங்கே காண்டல் அரிது. இறங்குதுறையும் சுங்கமும் சோதனைக் கூடமும் எழுந்தன. கடலோரம் ஒரு நடைவழியாக மாறியது. இலட்சக்கணக்கானோர் அதனூடாகச் சென்றனர். அச்செலவினால் விளைந்த செல்வம் அங்கே தங்கவில்லை.

1853 இல் நியூயோர்க் டெய்லி டிரிபியூன் இதழில் இந்தியாவைப்பற்றி எழுதிய மார்க்ஸ், ஆலை முதலாளிகள் மலிவான மூலப்பொருளை எடுத்துச் செல்வதற்காகவே புகையிரதத்தை அமைப்பர் என்றும், எனினும் இரும்பும் நிலக்கரியும் உள்ள ஒரு நாட்டில் அது நவீன கைத்தொழிலின் முன்னோடியாகிச் சாதிவழித் தொழிற்பிரிவையும் கரைக்கும் என்றும் எதிர்பார்த்தார். பிரித்தானியத் தொழிலாளி வர்க்கம் ஆட்சியைக் கைப்பற்றும்வரை, அல்லது இந்தியர் தாமே அந்நிய நுகத்தை உதறியெறியும்வரை, அதன் பயனை மக்கள் நுகரமாட்டார்கள் என்பதையும் அவர் அங்கேயே கூறினார். முதற்பகுதியை மட்டும் எடுத்தாள்வோர் இரண்டாம் பகுதியை மறந்துவிடுகின்றனர். இலங்கையில் நிலக்கரி கிடையாது. தண்டவாளமும் இயந்திரமும் எரிபொருளும் வெளியிலிருந்தே வந்தன. சாதி கரைவதற்குப் பதிலாகக் கங்காணியின் ஆட்கூட்டத்தோடு அதுவும் புகையிரதமேறி வந்து, லயங்களின் வரிசையொழுங்கிற் குடியமர்ந்தது. மார்க்சின் நிபந்தனைகளை விட்டுவிட்டு அவருடைய எதிர்பார்ப்பைச் சூத்திரமாக்குவது வரலாற்றுப் பொருள்முதல்வாதம் ஆகாது.

எனினும், ஆட்சியாளர் எண்ணாத விளைவுகள் இல்லாமலும் இல்லை. 1912 இலும் 1923 இலும் கொழும்பில் எழுந்த பெரும் வேலைநிறுத்தங்களிற் புகையிரதத் தொழிலாளர் முன்னணியில் நின்றனர். 1928 ஜூலையில் நிகழ்ந்த தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தம் சிங்காரவேலரைச் சிறைக்கு அனுப்பியது. பாக்குநீரிணையின் இருபுறத்துத் தண்டவாளங்களிலும் ஒரு புதிய வர்க்கம் தன் வலிமையை உணரத் தொடங்கிய காலம் அது. தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவதை அத்துமீறற் சட்டம் தடுத்தது. அந்நிலையில், தோட்ட எல்லைக்கு வெளியே புகையிரத நிலையத்தையொட்டி வளர்ந்த கடைத்தெருக்களே தொழிலாளரை அணுகுவதற்கான பொதுவெளியாயின. கோ. நடேசய்யர் 1930களின் தொடக்கத்தில் அட்டன் நகரைத் தம் தொழிற்சங்கப் பணியின் தளமாக்கிக்கொண்டமையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். இலங்கை இந்தியக் காங்கிரசு தன் முதலாவது மாநாட்டை 1940 இல் நடத்திய கம்பளையும் புகையிரதப் பாதையிலமைந்த நகரே.

6

1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. இலங்கை அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர் நீக்கப்பட்டமையின் எதிர்விளைவு அது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கென ஒதுக்கிவைத்தது. அவ்வெஞ்சியோரும் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அம்மக்களின் பிரதிநிதிகளுடைய இசைவு கோரப்படவில்லை.

ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் நிறைவுறுமுன், 1964 டிசம்பர் 22, 23 ஆந் திகதிகளில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்ற புகையிரதத்தைப் பயணிகளுடன் விழுங்கியது. கப்பற்சேவை பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே மீண்டும் தொடங்கியது. ஆட்களை மலைக்கு ஏற்றிவந்த பாதை இப்போது அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இறக்கிச் சென்றது. ஒப்பந்தத்தின்கீழ் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காலப்போக்கில் இவ்வாறு வெளியேறினர். அண்ணன் இலங்கைப் பிரசையாகவும் தங்கை இந்தியப் பிரசையாகவும் பதியப்பட்ட குடும்பங்கள் பல.

மலையகப் பேச்சு வழக்கிற் புகையிரதத்துக்குக் 'கோச்சி' என்று பெயர். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்று 'ஒப்பாரிக் கோச்சி' எனும் தலைப்பைத் தாங்கிநிற்கின்றது. இலக்கிய மாணவராகிய நாம் அத்தொடரின்முன் சற்றே நிற்கவேண்டியவராகின்றோம். ஒப்பாரி இறந்தோர்க்கு உரிய வடிவம். உயிரோடு செல்வோரை ஏற்றிய வண்டிக்கு அது அடைமொழியானபோது, பிரிவின் தன்மையை மக்கள் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பது விளங்கும். அரசறிக்கைகள் 'தாயகம் திரும்புதல்' என்றன. கண்டி நிலைய மேடையில் நின்று அழுதவருக்குத் தாயகம் எதுவென்பதில் ஐயமிருக்கவில்லை. அவர்தம் மூத்தோர் மலைநாட்டு மண்ணிலேயே புதைக்கப்பட்டிருந்தனர்.

அக்கரையில் அவர்களை வரவேற்ற முகாம்களுள் மண்டபமும் ஒன்று. முன்னர் தோட்டத்துக்கு ஆட்களைச் சோதித்து அனுப்பிய அதே பெயர் இப்போது திரும்பிவந்தோரின் இடைத்தங்கலாயிற்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழ் ஏதிலியரின் முகாமாயிற்று. 1980களின் முற்பகுதியிலே போர்ச்சூழலிற் கப்பல் நின்றது. 1990 இல் மன்னார்ப் பாதையும் அற்றது. உலகோடு இணைக்கப்பட்டதாகப் புகழப்பட்ட கரை மீண்டும் ஒதுக்குப்புறமாயிற்று.

7

2015 மார்ச்சில் இந்திய உதவியுடன் மீளமைக்கப்பட்ட பாதை தலைமன்னாரை மறுபடி அடைந்தது. பாதை திரும்பியது, கப்பல் அதனோடு திரும்பவில்லை. அதற்கு முன்னரே, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியிருந்தது. ஆனால் குடியுரிமை காணியுரிமையாக மாறவில்லை. லயத்தின் கூரை பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கூரையாகவே நீடித்தது.

2023 இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. தண்டவாளம் இருந்தும் அவர்கள் நடந்தமை பொருள்பொதிந்தது. தகர வில்லையோ, தோட்ட இலக்கமோ, ஒப்பந்தப் பட்டியலோ இன்றித் தாமே தெரிவுசெய்த பயணம் அது. காணி, வீடு, சமமான குடியுரிமை எனும் கோரிக்கைகளைத் தாமே உரத்துச் சொல்லிக்கொண்டு சென்றனர்.

ஒரு பிரதேசம் வெளியுலகோடு இணைந்துள்ளதா என்பதை அளப்பதற்குத் தண்டவாளத்தின் நீளம் மட்டும் போதாது. அதன்மீது கொண்டுசெல்லப்படுவோர் போவதா தங்குவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே உரிய அளவுகோல். மலையக மக்கள் அவ்வுரிமையின்றியே தலைமன்னாரைக் கடந்து வந்தனர். அவ்வுரிமையின்றியே பலர் அதனைக் கடந்து சென்றனர். தண்டவாளமற்ற திகனயில் நின்று நோக்கும்போது அப்பாதையின் வரலாறு இன்னும் முடிவுறவில்லை என்பது புலனாகின்றது. மலையில் வாழ்வோருக்குத் தாம் நிற்கும் நிலம் உரித்தாகும் நாளிலேயே, அவர்களைக் கடலோரத்தோடு பிணைத்த அந்த நீண்ட பயணம் முற்றுப்பெறும்.